கோடியில் அறுபத்தேழு பங்கு

1

இன்று காலை ஆறு மணி இருபது நிமிடம். ஆலை முற்றத்தில் முதலில் கண்ணில் பட்டது, நீராவிக் குழாயின் மேல் இழுத்திருந்த ஒரு சுண்ணாம்புக் கோடு. குழாயில் ஓர் ஏணி சாத்தியிருந்தது. அதன் மேற்படியில் குழாய் பூட்டும் பிட்டர் மாரியப்பன் நின்றார், ஒரு கையில் விளக்கு, மறு கையில் அங்குலக் கோல். கொதிகலனுக்கு நெருப்பு போட்டாகிவிட்டது. குழாயில் இன்னும் ஆவி விடவில்லை.

இந்த வருஷத்துக் கரும்பு அரைவை இன்று தொடங்குகிறது. வாசலில் சிறு தோட்டக்காரர்களின் மாட்டு வண்டிகள் வரிசை கட்டியிருந்தன. முதல் வண்டி செல்லம்மாளுடையது. கணவர் இறந்த பிறகு மூன்று ஆர்ப்பான் நிலத்தில் தானே கரும்பு போடுகிறவர். ஆர்ப்பான் என்பது ஏறக்குறைய நம் ஏக்கர்தான். அவர் வண்டியிலிருந்து இறங்காமலே கேட்டார்:

“என்ன மாரியப்பா, கல்யாணப் பொண்ணுக்குப் பொட்டு வெச்ச மாதிரி கோடு போட்டு வெச்சிருக்க?”

“பொட்டு இல்ல ஆச்சி. வேவு.”

“யாரை வேவு பாக்குற?”

“இரும்பைத்தான்.”

மாரியப்பனுக்கு இந்த வேவு பார்க்கும் வழக்கம் முன்பு கிடையாது. சென்ற ஆண்டு இதே அரைவைக் காலத்தில் நடந்த ஒன்றுக்குப் பிறகு வந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தத் தீவின் ஒரு வழக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். இங்கே சூட்டுக்கு மூன்று கணக்கு. சர்க்கரை காய்ச்சும் பழைய ஆட்களைக் கேட்டால் தண்ணீர் எண்பது டிகிரியில் கொதிக்கும் என்பார்கள். அது ரெயோமூர் கணக்கு, பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது. எஞ்சினியரும் பள்ளிக்கூடமும் நூறு என்பார்கள். அது சாந்திகிராத், அதாவது சென்டிகிரேட். ஆங்கில அரசாங்கத்தின் படிவங்களிலும் ஆங்கில டாக்டரின் வாயிலும் அதே தண்ணீர் இருநூற்றுப் பன்னிரண்டில் கொதிக்கிறது. அது பாரன்ஹீட். கொதிகலன் விபத்தைப் பற்றி அரசாங்கத்துக்கு எழுத வேண்டுமானால் ஒரே சூட்டை ஆலைப் புத்தகத்தில் ஒரு எண்ணாகவும் படிவத்தில் வேறு எண்ணாகவும் எழுதுகிறோம். இரண்டும் பொருந்தவில்லை என்று படிவம் திரும்பி வரும். பொருந்துகிறது என்று விளக்கி நான் இன்னொரு கடிதம் எழுதுவேன்.

காய்ச்சும் சாலையின் சுவரில் யாரோ ஒரு காலத்தில் தாரால் எழுதிவைத்த வாய்ப்பாடு இருக்கிறது. சாந்திகிராத்தை ஒன்பதால் பெருக்கு, ஐந்தால் வகு, முப்பத்திரண்டு கூட்டு: பாரன்ஹீட் வரும். கையெழுத்துப் போடத் தெரியாதவருக்கும் இங்கே இது தெரியும்.

நாங்கள் சென்னையிலிருந்து வந்து இறங்கிய வருஷம் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அங்கே ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்திக்கொண்டும் செய்தி எழுதிக்கொண்டும் இருந்தேன். இங்கே ஆலை அலுவலகத்தில் எழுத்தர் வேலை. மகன் தேவராஜனுக்கு அப்போது நான்கு வயது. வந்த சில வாரங்களில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. குட்லண்ட்ஸ் கடைத்தெருவில் மருந்துக்கடைக்காரர் அவன் அக்குளில் கண்ணாடிக் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, “முப்பத்தொன்பது” என்றார். சென்னையில் தொண்ணூற்றெட்டு சரியான சூடு என்று கேட்டுப் பழகிய என் மனைவி விசாலாட்சி கத்தியது கடைத்தெரு முழுக்கக் கேட்டது.

“முப்பத்தொன்பதா? பிள்ளைக்கு உடம்பு சில்லிட்டுப் போச்சுங்க!”

கம்பளியைச் சுற்றி வீட்டுக்குத் தூக்கி ஓடினோம். நெற்றியில் கை வைத்துப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. பையன் கம்பளிக்குள் வெந்துகொண்டிருந்தான்.

எண் மாறும், காய்ச்சல் மாறாது என்று அன்று கற்றுக்கொண்டோம். இந்தத் தீவில் எல்லோரும் அதைக் கற்றுக்கொள்கிறார்கள். தேவராஜன் நன்றாகவே கற்றுக்கொண்டான்.

அவனுக்கு இப்போது வயது இருபத்திரண்டு. போர்ட் லூயியில் படித்தான். ஆலையின் வரைபட அறையில் வேலை கிடைத்தது. நண்பர்களோடு தீவின் பேச்சுமொழியான கிரியோல், மேலதிகாரிகளோடு பிரெஞ்சு, புத்தகத்துக்கு ஆங்கிலம். தமிழ் வீட்டில், அதுவும் அம்மாவிடம் சாப்பாடு கேட்கும் அளவுக்கு. காவடிக்குப் பாடும் பாட்டுகளைக்கூடப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவான். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்பதால் யாரும் இதை ஒரு செய்தியாக நினைப்பதில்லை.

3

சென்ற ஆண்டு கொதிகலன் அறையிலிருந்து காய்ச்சும் சாலைக்குத் தொண்ணூறு அடி நீளத்தில் ஒரு புதுக் குழாய் போட்டார்கள். ஆவி ஏறினால் இரும்பு நீளும். அதற்காக ஒரு முனையை இன்னொரு குழாயின் வாய்க்குள் நுழைத்து, உள்ளே போக இடம் விட்டு வைப்பார்கள். இடம் போதாவிட்டால் குழாய் முட்டும், முட்டினால் பலவீனமான இடத்தில் உடையும். எவ்வளவு இடம் விடுவது என்று வரைபடம் சொல்லும். இந்த வரைபடம் முக்கால் அங்குலம் என்றது. கணக்குப் போட்டு வரைந்தது தேவராஜன். சரி என்று கையெழுத்திட்டவர் எஞ்சினியர் துரை. இங்கே எல்லோரும் சொல்வதுபோல நானும் அவரை மிசே என்றே சொல்கிறேன்; துரை என்பதற்கு இங்கே அதுதான் வார்த்தை.

பூட்டியது மாரியப்பன். நாகப்பட்டினத்தில் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர், இங்கே வந்து நான்கு வருஷம். மனைவியும் இரண்டு குழந்தைகளுமாக ஆலைத் தொழிலாளர் லயத்தில் ஓர் அறையில் குடியிருக்கிறார். அந்த அறை வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் அறையும் போகும்.

அரைவையின் மூன்றாம் நாள் காலை குழாயின் திருப்பத்தில் போல்ட் போட்டு இணைத்திருந்த வார்ப்பிரும்பு விளிம்பு பிளந்தது. யாருக்கும் காயமில்லை. ஆலை நின்றது. வாசலில் நாற்பதுக்கு மேல் வண்டிகள். வெட்டிய கரும்பு வெயிலில் நின்றால் சாறு சுண்டும், புளிக்கும். தோட்டக்காரர்கள் ஒரு நாள் பொறுத்தார்கள். மறுநாள் முற்றத்துக்குள் வந்துவிட்டார்கள்.

மிசே விளிம்பைப் பார்த்தார், போல்ட்டுகளைப் பார்த்தார். அளவுக்கு மீறி இறுக்கியதால் பிளந்தது என்றார். பிட்டரின் தவறு. அது ஐந்து நிமிடத்தில் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. செல்லம்மாள் மாரியப்பனை வழிமறித்தார்.

“ஏம்பா, நீ இறுக்குனது போல்ட்டையா, எங்க கழுத்தையா?”

“ஆச்சி, இறுக்குற அளவுக்குத்தான் இறுக்குனேன்.”

“என் கரும்பு வண்டியிலயே வெல்லமாயிடும் போல. வந்து நக்கிப் பாரு.”

சிரித்தவர்கள் சிலர். மாரியப்பன் சிரிக்கவில்லை. மறுநாள் காலை மேனேஜர் முன்னால் விசாரணை என்று சொல்லிவிட்டார்கள். விசாரணையில் அவர் தமிழில் சொல்ல வேண்டும். நான் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். எழுத்தர் வேலையோடு துபாஷி வேலையும் என்னுடையது. அறைக்குள் பேசப்படும் எதையும் கூட்டாமல் குறைக்காமல் பெயர்த்துச் சொல்வேன் என்று ஒவ்வொரு விசாரணைக்கும் முன்னால் சத்தியம் செய்கிறேன்.

4

அன்று சாயங்காலம் அலுவலகத்திலிருந்து ஒரு பிரெஞ்சுக் கைப்புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விளிம்பு, விரிவு, இறுக்கம் இதற்கெல்லாம் பிரெஞ்சு வார்த்தைகள் எனக்குச் சரளமில்லை, நாளைக்குத் தடுமாறக்கூடாது. புரட்டும்போது இரும்பின் விரிவு என்று ஒரு அட்டவணை வந்தது. தேவராஜன் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கரும்புத் தூசியோடு தரையில் கிடந்த அவன் பையில் ஆங்கிலக் கைப்புத்தகம் இருந்தது. கணக்குப் போட்டது அதை வைத்துத்தான்.

“தேவா, ஒரு டிகிரிக்கு இரும்பு எவ்வளவு நீளும்?”

“கோடியில அறுபத்தேழு பங்கு, பப்பா.” யோசிக்காமல் சொன்னான்.

“இதுல நூத்திருபது பங்குன்னு போட்டிருக்கே.”

“அது பிரெஞ்சு இரும்பு.”

விசாலாட்சி குழம்புக் கரண்டியோடு நின்று சிரித்தாள். “இரும்புல கூடவா சாதி?”

“இல்லம்மா, ஒவ்வொரு ஊர் இரும்பு ஒவ்வொரு மாதிரி.”

“இரட்டிப்பு வித்தியாசமா இருக்குமா?” என்றேன். “ரெண்டு புத்தகமும் ஒரே டிகிரியைத்தான் சொல்லுதா?”

அவனுக்குச் சற்றுக் கோபம் வந்தது. “பப்பா, சூட்டை எழுதுற விதம்தான் பாரன்ஹீட்ல ஒண்ணு, சாந்திகிராத்ல ஒண்ணு. இரும்பு இரும்புதானே? அதோட நம்பர் ஏன் மாறணும்?”

பத்திரிகையில் இருந்தபோது ஒரே புயலைப் பற்றி இரண்டு தந்திகள் இரண்டு எண்களோடு வரும். இரண்டில் ஒன்று பொய் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் இரண்டும் உண்மையாக இருக்கும்; ஒன்று இறந்தவர்களை எண்ணியிருக்கும், மற்றது காணாமல் போனவர்களையும் சேர்த்திருக்கும். அதை மட்டும் சொன்னேன்.

அவன் இடது கையால் பென்சிலை எடுத்தான். பழைய செய்தித்தாளின் ஓரத்தில் இரண்டு ஏணிகள் போட்டான், இரண்டும் ஒரே உயரம். கீழே பனி உருகுகிறது, மேலே தண்ணீர் கொதிக்கிறது. ஒன்றின் பக்கத்தில் நூறு என்று எழுதினான், மற்றதில், முப்பத்திரண்டு முதல் இருநூற்றுப் பன்னிரண்டு வரை, நூற்றெண்பது. இரண்டிலும் படிக்கோடுகள் போட ஆரம்பித்தான்.

“படி சின்னது,” என்றான்.

“எது?”

“பாரன்ஹீட் படி. சின்னப் படிக்குச் சின்னதாத்தான் நீளும்.” அறுபத்தேழை ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்தான். நூற்றிருபதும் சொச்சமும் வந்தது. பிரெஞ்சு இரும்பும் ஆங்கில இரும்பும் ஒரே இரும்பு.

“முப்பத்திரண்டு கூட்ட வேணாமா?” சுவரில் பார்த்த வாய்ப்பாட்டை நினைத்துக் கேட்டேன்.

“வேணாம். அது ஏணியோட கால் எங்க நிக்குதுன்னு சொல்றது. படியோட உயரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.”

பிறகு நான் கேட்காமலே மற்றக் கணக்கையும் போட்டான். குழாய் தொண்ணூறு அடி. ஆலையின் தெர்மாமீட்டர் சாந்திகிராத். சூடு ஏறுவது நூறு டிகிரி. அந்த நூறை அவன் பாரன்ஹீட் அட்டவணையின் எண்ணால் பெருக்கியிருந்தான். முக்கால் அங்குலம் வந்தது. சரியான எண்ணால் பெருக்கினால் ஒன்றேகாலுக்குச் சற்று மேல். குழாய்க்கு அரை அங்குலத்துக்கு மேல் இடம் போதவில்லை. அவன் வலது கையில் சோறு காய்ந்துவிட்டிருந்தது.

“மிசே இதைச் சரிபார்க்கலையா?” என்றேன்.

“பெருக்கல் சரியான்னு பாத்தாரு. பெருக்கல் சரிதான்.”

விசாலாட்சி கரண்டியைக் கீழே வைத்தாள். “அப்ப மாரியப்பன் மேல தப்பில்லையா? அவங்களைச் சனிக்கிழமை லயத்தை விட்டுப் போகச் சொல்லப் போறதா அவர் பொஞ்சாதி அழுதுட்டுப் போனாளே. இப்ப இவன் வேலை என்ன ஆகும்?”

இரண்டு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்டாள். தேவராஜன் கை கழுவ எழுந்தான். வாசற்படியில் நின்று, “திமேன், பப்பா,” என்றான். கிரியோலில் அது நாளைக்கு என்று அர்த்தம்.

5

விசாரணை மேனேஜர் அறையில். மேனேஜர் மேசைக்குப் பின்னால், மிசே அவருக்கு வலப்பக்கம். மாரியப்பன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். வரைபடச் சுருளைக் கொண்டுவரச் சொல்லியிருந்ததால் தேவராஜனும் இருந்தான், ஜன்னலோரம். நான் சத்தியம் செய்தேன்.

மாரியப்பன் சொன்னதைச் சொன்னபடி பெயர்த்தேன். போல்ட்டை வழக்கம்போல இறுக்கினார். மூட்டில் வரைபடத்தில் உள்ளபடி இடம் விட்டார். வேறு எதையும் தொடவில்லை.

மிசே, வரைபடம் சரி, தான் பார்த்துக் கையெழுத்திட்டது என்றார். வேறு சொல்ல ஏதாவது உண்டா என்று மேனேஜர் கேட்டார். கேட்கும்போதே பேனாவில் மை தொட்டுவிட்டார்.

மாரியப்பன் மேனேஜரைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீங்களாவது சொல்லுங்க. முக்கால்தானே போட்டிருந்துச்சு? நான் ஒண்ணும் கொறைக்கலியே?”

தேவராஜன் சுருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். பிறகு தமிழில் பேசினான். வீட்டுக்கு வெளியே அவன் ஒரு முழு வாக்கியம் தமிழில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்தான்.

“முக்கால்தான், அண்ணே. நீங்க சரியா செஞ்சீங்க. கணக்கு நான் போட்டேன். அது தப்பு. ஒங்க மேல ஒண்ணுமில்ல.”

மாரியப்பனின் வாய் லேசாகத் திறந்தது. மிசே என் பக்கம் திரும்பினார். தமிழ் காதில் விழுந்தால் அவர் பிரெஞ்சை விட்டுக் கிரியோலுக்கு இறங்கிவிடுவார்.

“கி லி தீர்?” என்றார். என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

நான் பெயர்த்தேன். அவன் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். கணக்கு நான் போட்டேன், அது தப்பு என்ற இடத்தில் மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு கைப்புத்தகங்களையும் கொண்டுவரச் சொன்னார்கள். தேவராஜன் இப்போது பிரெஞ்சில், தெளிவாக, இரண்டு ஏணிகளையும் வரைந்து, ஒன்றேகாலுக்குச் சற்று மேல் இடம் வேண்டும் என்று காட்டினான். மிசே காதுவரை சிவந்தார்.

தீர்ப்பு மதியத்துக்குள் வந்தது. பிட்டர் மேல் குற்றமில்லை, வேலையில் நீடிப்பார். வரைபடக்காரர், எஞ்சினியருக்குத் தவறான எண்களைத் தந்ததால், தெற்கே பெல் ஒம்ப்ர் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குக் கரும்பு நிறுக்கும் எழுத்தராக மாற்றப்படுகிறார். மிசே போட்ட கையெழுத்தைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை. அதைச் சுத்தப் பிரதி எடுத்தவன் நான்.

6

அன்று வீட்டில் விசாலாட்சி கேட்டது ஒன்றே ஒன்று.

“பெத்த பிள்ளை சொன்னதை, மூணாம் மனுஷன் வாக்குமூலம் மாதிரி அப்படியே சொல்லிட்டீங்களா?”

“சத்தியம் பண்ணியிருந்தேன்.”

“எனக்கும் ஒரு காலத்துல பண்ணீங்க,” என்று உள்ளே போய்விட்டாள்.

தேவராஜனை ரயிலேற்ற நான்தான் போனேன். போர்ட் லூயியில் வண்டி மாறி, பிறகு தெற்கே நெடுந்தூரம் மாட்டு வண்டியில் போக வேண்டும். மேடையில் இருவரும் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தோம். அவன் பிரெஞ்சில் பேசினான்.

“நான் அதை மாரியப்பன் அண்ணனுக்குச் சொன்னேன், பப்பா. மிசேக்கு இல்லை.”

“மிசே என்னிடம் கேட்டார்.”

“அவருக்கு நானே சொல்லியிருப்பேன். முதலில் அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். நீங்கள் இன்னொரு மூச்சு பொறுத்திருக்கலாம்.”

பொறுத்திருந்தால் அவன் சொல்லியிருப்பானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மிசேக்குத் தலைகுனிவு, வேலை, அம்மாவின் முகம், எல்லாம் அவன் முன்னால் இருந்தன. அவன் தானே சொன்னதாகத்தான் அவன் நினைவில் இருக்க வேண்டியது. துபாஷி சொன்னதாக இருக்கிறது. ஆனால் மேனேஜரின் பேனா காகிதத்துக்கு மிக அருகில் இருந்தது. அவன் கேட்ட அந்த ஒரு மூச்சையும் அந்தப் பேனாவையும் நான் பலமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். இவை இரண்டு தந்திகள் அல்ல. எந்த எண்ணால் பெருக்கினாலும் ஒன்று மற்றதாக மாறவில்லை.

ஒரு வருஷத்தில் அவன் இரண்டு தடவை வந்தான், காவடி விழாவுக்கும் தீபாவளிக்கும். அம்மாவிடம் தமிழில் சோறு கேட்டான். என்னிடம் பிரெஞ்சில் மரியாதையாகப் பேசினான். அந்நியர்களிடம் பேசுவதுபோல, நீங்கள் என்று சொல்லும் பிரெஞ்சு.

இன்று காலை ஏழு மணிக்குக் குழாயில் ஆவி விட்டார்கள். புது மூட்டில் ஒன்றரை அங்குலம் இடம் விட்டிருக்கிறது. அந்த வரைபடத்தை மிசே தானே போட்டார். குழாய் முனகியது. வண்டிகளின் மாடுகள் தலையைத் தூக்கின. மாரியப்பன் ஏணியிலிருந்து இறங்கவே இல்லை. செல்லம்மாள் கீழே நின்று, “என்ன ஆச்சு உன் வேவு?” என்று இரண்டு தடவை கேட்டார். சூடு ஏறி நின்ற பிறகு மாரியப்பன் சுண்ணாம்புக் கோடு எவ்வளவு நகர்ந்தது என்று கோலை வைத்து அளந்தார், இன்னொரு தடவை அளந்தார், இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

“ஒண்ணேகால், அதுக்கு மேல அரை நூல், ஐயா. தம்பி அன்னிக்குச் சொன்ன அதே கணக்கு. தம்பிக்கு எழுதிடுங்க.”

“எழுதுறேன்.”

“நான் சொன்னேன்னு எழுதுங்க. நான் சொன்னபடியே எழுதுங்க.”

முதல் கரும்பு செல்லம்மாளின் வண்டியிலிருந்து இறங்கியது. நான் அலுவலகத்துக்குப் போய்க் காகிதம் எடுத்தேன். மாரியப்பன் சொன்னதைத் தமிழில் எழுதினேன், அவர் சொன்னபடியே. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன்.

என் மகனுக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது. இன்னொரு காகிதம் எடுத்து அதைப் பிரெஞ்சில் எழுதினேன்.